297 ஆண்டுகளைக் காணவில்லை என்கிறார்களே, வரலாற்றுத் தேதிகளை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கேள்வி: ஏடுபுரட்டி

கி.பி. 614 முதல் 911 வரையிலான 297 ஆண்டுகள் நடக்கவே இல்லை, பிற்காலத்தில் ஏட்டில் செருகப்பட்டவை என்று ஜெர்மனியைச் சேர்ந்த ஹெரிபர்ட் இல்லிக் 1990களில் ஒரு வாதம் வைத்தார். அது மறுபடி சுற்றில் இருக்கிறது. அதன் ஆணிவேரான கணக்கு இதுதான்.

ஜூலியன் ஆண்டுக்கு 365.25 நாள். சூரிய ஆண்டோ 365.2422 நாள். வித்தியாசம் 0.0078. அதாவது 128 ஆண்டுக்கு ஒரு நாள் பிசகும். ஜூலியஸ் சீசரின் நாட்காட்டி கி.மு. 45இல் நடைமுறைக்கு வந்தது. அங்கிருந்து 1582 வரை 1626 ஆண்டுகள். 128ஆல் வகுத்தால் 12.7 நாள். ஆனால் 1582இல் போப் 13ஆம் கிரிகோரி நீக்கியது 10 நாள்தான். மிச்சம் 3 நாளுக்கு ஏறக்குறைய 300 ஆண்டு கணக்கில் வரவில்லை என்கிறார்.

கூட்டல் வகுத்தல் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஓட்டை எங்கே? இன்னொன்று: இந்த வாதத்தை ஒதுக்கிவிட்டாலும், பாடப்புத்தகத் தேதிகள் உண்மையில் எவ்வளவு தவறலாம்? நாள் கணக்கிலா, ஆண்டுக் கணக்கிலா, நூற்றாண்டுக் கணக்கிலா? எல்லாத் தேதியும் சேர்ந்து ஐந்து ஆண்டு நகர்ந்தால்தான் யாருக்கு என்ன நஷ்டம்?

பதில்: நாள்கணக்கன்

கணக்கில் ஓட்டை இல்லை, தொடக்கப் புள்ளியில் இருக்கிறது. 1582 சீர்திருத்தம் சீசர் காலத்து நிலைக்குத் திரும்பப் பார்க்கவில்லை. ஈஸ்டர் கணக்குக்கு அடிப்படையான மார்ச் சம இரவு நாளை மார்ச் 21க்குக் கொண்டுவருவதுதான் நோக்கம். அந்த மார்ச் 21, கி.பி. 325இல் கிறிஸ்தவ ஆயர்கள் கூடிய நிசேயா சபையின் காலத்தோடு சேர்ந்தது. 325 முதல் 1582 வரை 1257 ஆண்டு. 128ஆல் வகுத்தால் 9.8, அதாவது 10 நாள். ஒரு நாள்கூட மிச்சமில்லை. சீசர் காலத்துக்கும் நிசேயாவுக்கும் நடுவே சேர்ந்த பிசகு 3 நாளை யாரும் நீக்கவே முயலவில்லை. இல்லிக் கோட்டை விட்டது இங்கேதான்.

உங்கள் 1626 சரியான எண். பலர் 1582ஐயும் 45ஐயும் கூட்டி 1627 என்று எழுதுவார்கள். கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1, நடுவில் 0ஆம் ஆண்டு கிடையாது. வானியலாளர்கள் மட்டும் கி.மு. 1ஐ 0 என்றும், கி.மு. 585ஐ −584 என்றும் எழுதுவார்கள். கிரகண அட்டவணையிலிருந்து ஆண்டை எடுத்து அப்படியே கி.மு. என்று போட்டு ஓராண்டு தவறுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

இனி நாள் கணக்கு. 1582 அக்டோபர் 4 வியாழன், மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி. தேதிதான் குதித்தது, கிழமை அறுபடவில்லை. இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து உடனே மாறின. பிரிட்டன் 1752இல் செப்டம்பர் 2 புதனுக்கு அடுத்த நாளை செப்டம்பர் 14 வியாழன் ஆக்கியது. ரஷ்யா 1918இல் ஜனவரி 31க்கு அடுத்து பிப்ரவரி 14க்குப் போனது. கிரீஸ் 1923 வரை காத்திருந்தது. ஆக 1582 முதல் 1923 வரை, ஐரோப்பியத் தேதி எதைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது "எந்த ஊர்த் தேதி?" என்பதுதான்.

கலிலியோ இறந்த அதே ஆண்டில் நியூட்டன் பிறந்தார் என்று சொல்வார்கள். கலிலியோ இறந்தது இத்தாலியத் தேதிப்படி 1642 ஜனவரி 8. நியூட்டன் பிறந்தது ஆங்கிலேயத் தேதிப்படி 1642 டிசம்பர் 25. இத்தாலியக் கணக்கில் அது 1643 ஜனவரி 4. இரண்டு நாட்காட்டியைக் கலந்ததால் மட்டுமே அந்த "அதே ஆண்டு" பிறந்தது.

புத்தாண்டு நாள் இதைவிட மோசமான பொறி. இங்கிலாந்தில் 1752க்கு முன் சட்டப்படி ஆண்டு தொடங்கியது மார்ச் 25. முதலாம் சார்லஸ் மன்னர் தலை வெட்டப்பட்ட நாள் அக்கால ஆவணத்தில் 1648 ஜனவரி 30. இன்றைய புத்தகத்தில் 1649. அந்த முறையில் 1700 பிப்ரவரி என்பது 1700 டிசம்பருக்குப் பின்னால் வரும். இதை அறியாமல் ஆவணங்களைத் தேதிவாரியாக அடுக்கினால், பதில் கடிதம் முன்னாலும் கேள்விக் கடிதம் பின்னாலும் போய் உட்காரும்.

சீசருக்கு அடுத்த சில பத்தாண்டுகளிலும் எச்சரிக்கை தேவை. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை சேர்க்க வேண்டிய லீப் நாளை ரோமப் புரோகிதர்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சேர்த்தார்கள். அகஸ்டஸ் பிறகு சில லீப் நாள்களை விடச்செய்து அதைச் சரிசெய்தார். அந்தக் காலத்து ரோமத் தேதி ஒன்றை நாள் சுத்தமாக மாற்றிக் கொடுத்தால், இரண்டு மூன்று நாள் முன்பின் இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

பதில்: வளையம்எண்ணி

நிசேயா பதில் இல்லிக்கின் கணக்கை உடைக்கிறது. 297 ஆண்டு உண்மையிலேயே இருந்ததா என்பதற்கு ஏட்டை விட்டு வெளியே வர வேண்டும். மரம் போப்பின் ஆணையைப் படிப்பதில்லை.

மிதவெப்பநிலப் பகுதியில் மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் போடும். நல்ல ஆண்டில் அகலம், வறட்சியிலும் குளிரிலும் ஒடுக்கம். ஒரே வட்டாரத்து மரங்கள் எல்லாம் ஒரே வரிசையில் அகல ஒடுக்கம் காட்டும். இன்று வெட்டிய மரத்தின் உள்வளையங்களை ஒரு பழைய வீட்டு உத்தரத்தின் வெளிவளையங்களோடு பொருத்து. அதன் உள்வளையங்களை இன்னும் பழைய மரத்தோடு பொருத்து. இப்படிக் கோத்துக்கொண்டே போய் ஜெர்மானிய ஓக், பைன் வரிசை 12,000 ஆண்டுகளுக்கு மேல் அறுபடாமல் நீள்கிறது.

தப்பு வரும் இடங்கள் தெரிந்தவைதான். கடும் வறட்சியில் மரத்தின் ஒரு பக்கம் வளையமே விழாமல் போகலாம். பருவம் நடுவில் திரும்பினால் ஒரே ஆண்டில் பொய்வளையம் ஒன்று கூடுதலாக விழலாம். அதனால் ஒற்றை மரத்தை நம்பித் தேதி சொல்வதில்லை. ஒவ்வோர் ஆண்டுக்கும் பல மரங்கள் சாட்சி சொல்ல வேண்டும். பொருத்திப் பார்க்கும் துண்டில் வளையம் குறைவாக இருந்தால் தற்செயலாகவே பல இடங்களில் பொருந்தும். 30, 40 வளையம் மட்டும் உள்ள துண்டைக் காட்டித் தேதி கேட்டால் பெரும்பாலும் கைவிரிப்பார்கள். பட்டையை ஒட்டிய கடைசி வளையம் இருந்தால்தான் மரம் வெட்டப்பட்ட ஆண்டு கிடைக்கும். வைரம் பாயாத வெளிப்பகுதியைத் தச்சர் செதுக்கி எறிந்திருந்தால், "இந்த ஆண்டுக்குப் பிறகு" என்று மட்டுமே சொல்லலாம்.

இப்போது 297 ஆண்டுக்கு வருவோம். பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியனின் 10ஆம் ஆட்சியாண்டில் சூரியன் ஒளி குன்றி நிலாவைப் போல் இருந்தது என்று அக்கால வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதினார். ஏட்டுக் கணக்கில் அது கி.பி. 536. மரங்களில் அந்த ஆண்டு ஒடுங்கிய வளையம், 540ஐ ஒட்டி மறுபடி ஒடுக்கம். 2000ஆம் ஆண்டிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 536க்கு 1464 வளையம். இடையில் 297 ஆண்டு பொய்யென்றால் அந்தக் குளிர் 1167ஆவது வளையத்தில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை.

"மரவரிசையையே வரலாற்றுத் தேதிக்கு ஏற்ப ஒட்டியிருப்பார்கள்" என்று அடுத்த வாதம் வரும். அதற்கும் வழி உண்டு. 2012இல் ஃபூசா மியாகே குழு ஜப்பானிய தேவதாரு மரங்களில் 774க்கும் 775க்கும் நடுவே கதிரியக்கக் கார்பனான கார்பன்-14 அளவு 1.2 சதவீதம் திடீரென எகிறியதைக் கண்டது. சூரியனிலிருந்து வந்த பெரும் துகள்வீச்சே காரணம் என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். பிறகு ஜெர்மனி, ரஷ்யா, அமெரிக்கா, நியூசிலாந்து மரங்களிலும் அதே வளையத்தில் அதே எகிறல் அகப்பட்டது. தனித்தனியாகக் கட்டிய வரிசைகள் இவை. ஏதாவது ஒன்றில் ஒரு வளையம் கூடியிருந்தாலோ குறைந்திருந்தாலோ எகிறல் பக்கத்து ஆண்டில் போய் விழுந்திருக்கும். அதுவும் 774 இல்லிக் "இல்லை" என்ற காலத்தின் நட்டநடுவில் இருக்கிறது.

993இலும் இப்படி ஓர் எகிறல் உண்டு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் லான்ஸ் ஒ மெடோஸ் என்ற வைக்கிங் குடியிருப்பில், உலோகக் கருவியால் வெட்டிய தடம் உள்ள மூன்று மரத்துண்டுகள் கிடைத்தன. மூன்றும் வெவ்வேறு மரம். ஒவ்வொன்றிலும் அந்த எகிறல் வளையத்திலிருந்து பட்டை வரை எண்ணினால் 28. வெட்டிய ஆண்டு 1021. அதைச் சொல்ல எந்த ஏடும் தேவைப்படவில்லை.

பதில்: களிமண்பலகை

கி.பி. பக்கம் இருவரும் சொன்னது போதும். "எவ்வளவு தவறலாம்" என்ற கேள்விக்கு உண்மையான பதில் கி.மு. 2ஆம் ஆயிரத்தில்தான் இருக்கிறது. அங்கே நூறு ஆண்டு வித்தியாசமே சர்வசாதாரணம்.

முதலில் உறுதியான தரை. அசீரியர்கள் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் அதிகாரியின் பெயரை இட்டுப் பட்டியல் வைத்தார்கள். அதில் பூர்-சகாலே என்பவரின் ஆண்டில், சிமானு மாதத்தில் சூரிய கிரகணம் என்று குறிப்பு இருக்கிறது. அது கி.மு. 763 ஜூன் 15. அந்த ஒற்றை ஆணியில் மொத்தப் பட்டியலையும் மாட்டிவிடலாம், கி.மு. 910 வரை ஆண்டு சுத்தமாகப் போகும். பாபிலோனியப் பலகை ஒன்று இரண்டாம் நெபுகத்நேச்சரின் 37ஆம் ஆண்டில் நிலவும் கோள்களும் நின்ற இடங்களைச் சுமார் 30 குறிப்புகளாகத் தருகிறது. அவை ஒருசேரப் பொருந்துவது கி.மு. 568/567க்குத்தான்.

அதற்கு மேலே ஏறினால் தரை ஆடும். பாபிலோன் மன்னன் அம்மிசதூக்கா காலத்து வெள்ளிக் கோளின் உதய அஸ்தமனக் குறிப்பு 21 ஆண்டுக்கு இருக்கிறது. கேட்க அருமையான சான்று. ஆனால் வெள்ளி 8 ஆண்டுக்கு ஒருமுறை ஏறக்குறைய அதே இடத்துக்கு வரும். பிறைத் தேதியும் சேர்ந்து ஒத்துவருவது 56, 64 ஆண்டுகளில். ஆக ஒரே குறிப்புக்கு மூன்று விடை. பாபிலோன் நகரம் வீழ்ந்தது கி.மு. 1651, அல்லது 1595, அல்லது 1531. நம் கையில் உள்ளது மூலமும் அல்ல, ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு கழித்து எடுத்த படிகள், எழுத்துப்பிழைகளும் உண்டு. பாடநூல்கள் 1595 என்று போடுவது நடுவழியைத் தேர்ந்துகொண்டதால். அனத்தோலியாவில் கிடைத்த மரங்களின் தேதிகளும் நடுப்பகுதிக்கே வலு சேர்த்திருக்கின்றன.

எகிப்திலும் இதே சிக்கல்தான். இரண்டாம் ராம்செஸின் 52ஆம் ஆண்டுக்குரிய ஒரு பிறைக் குறிப்பை வைத்து அவர் முடிசூடியது கி.மு. 1304, 1290, 1279 என்று மூன்று விடை வந்தது. ஏன் இந்த மூன்று? எகிப்திய ஆண்டுக்கு 365 நாள். 25 ஆண்டு என்றால் 9125 நாள். 309 பிறைமாதம் 9124.95 நாள். ஆக 25 ஆண்டுக்கு ஒருமுறை பிறை அதே தேதிக்கு வந்துவிடும், இடையில் 11, 14 ஆண்டு இடைவெளிகளிலும் நெருங்கி வரும். அண்டை நாட்டு அரசர்களோடு ஒப்பிட்டுத்தான் 1279க்கு இன்று பெரும்பாலோர் வந்திருக்கிறார்கள்.

மன்னர் பட்டியல்களைக் கூட்டும்போது பிழை சேரும் வழி ஒன்றைக் காட்டுகிறேன். ஒருவன் ஆண்டின் நடுவில் இறக்கிறான். அந்த ஆண்டு அவனுடைய கடைசி ஆண்டு. ஓர் அரசவையில் அதையே மகனின் 1ஆம் ஆண்டாகவும் எழுதுவார்கள். இன்னொன்றில் அடுத்த புத்தாண்டிலிருந்துதான் 1 தொடங்கும். முதல் முறையை இரண்டாவது என்று நினைத்துக் கூட்டினால் மன்னனுக்கு ஓர் ஆண்டு வீதம் ஏறும். ஏழு மன்னர் என்றால் ஏழு ஆண்டு. தந்தையும் மகனும் சேர்ந்தாண்ட காலத்தை இருமுறை எண்ணினால் இன்னும் ஏறும். ஒரே நேரத்தில் வடக்கிலும் தெற்கிலும் ஆண்ட இரு வம்சங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் ஒரே மூச்சில் நூறு ஆண்டு உருவாகிவிடும். இவை எதிலும் சதி தேவையில்லை. கணக்கன் ஒருவனின் நல்லெண்ணமே போதும்.

ஏடுபுரட்டி

மூவருக்கும் நன்றி. நிசேயா விஷயம் தெளிவு. இரண்டு கேள்வி மிச்சம். பழைய தேதி ஒன்று கையில் கிடைத்தால் மாற்றுவதற்கு நம்பகமான வழி என்ன? விரிதாளில் போட்டால் போதுமா? அப்புறம், "முக்கியமா" என்பதை யாரும் தொடவில்லையே.

பதில்: நாள்கணக்கன்

விரிதாளை நம்பாதீர்கள். எக்செல் 1900க்கு முந்தைய தேதியைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளாது. அதோடு, லீப் ஆண்டு அல்லாத 1900க்குப் பிப்ரவரி 29 உண்டு என்று கொள்கிறது. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருளுடன் ஒத்துப்போக வைத்த பிழை அது. பைத்தான் நிரல்மொழியின் தேதி நூலகம் கிரிகோரியன் முறையையே கி.பி. 1 வரை பின்னோக்கி நீட்டும். ஜாவா நிரல்மொழியின் பழைய நாட்காட்டி வகுப்பு 1582 அக்டோபரில் ஜூலியனுக்கு மாறும். அதே ஜாவாவின் புதிய தேதி நூலகம் மாறாது. 1066 அக்டோபர் 14 என்ற ஹேஸ்டிங்ஸ் போர்த் தேதியை இரண்டிலும் கொடுத்து நாள் எண்ணாக்கினால் 6 நாள் வேறுபடும். எந்த எச்சரிக்கையும் வராது, அமைதியாகத் தவறும்.

கையால் செய்வதே உறுதி. எந்த நாட்காட்டித் தேதியையும் முதலில் ஜூலியன் நாள் எண்ணாக்குங்கள். கி.மு. 4713 ஜனவரி 1இலிருந்து ஓடும் ஒரே எண் வரிசை அது. மாதமோ ஆண்டோ கிடையாது. நியூட்டனின் 1642 டிசம்பர் 25ஐப் போட்டுப் பார்ப்போம். ஆண்டை மார்ச்சில் தொடங்குவதாகக் கொள்ள வேண்டும்: மார்ச் 0, ஏப்ரல் 1, டிசம்பர் 9. ஜனவரியும் பிப்ரவரியும் முந்தைய ஆண்டின் 10, 11. ஆண்டோடு 4800 கூட்டினால் 6442. மாத எண் 9ஐ 153ஆல் பெருக்கி 2 கூட்டி 5ஆல் வகுத்து முழு எண்ணை மட்டும் எடுத்தால் 275. ஆண்டை 365ஆல் பெருக்க 2351330. ஆண்டை 4ஆல் வகுத்து முழு எண் 1610. நாள் 25. எல்லாம் கூட்டி 32083 கழித்தால் 2321157.

கிரிகோரியன் தேதியென்றால் கூடுதலாக ஆண்டை 100ஆல் வகுத்ததைக் கழித்து, 400ஆல் வகுத்ததைக் கூட்டி, கடைசியில் 32083க்குப் பதில் 32045 கழிக்க வேண்டும். 1643 ஜனவரி 4ஐப் போடுங்கள். அதே 2321157 வரும். 7ஆல் வகுத்த மீதி 0 என்றால் திங்கள். இங்கே மீதி 6, ஞாயிறு. ஆவணத்தில் கிழமை இருந்தால் இங்கேயே சோதித்துவிடலாம். கிழமை ஒத்துவராவிட்டால் கணக்கைத் திரும்பப் பார்ப்பதற்கு முன் நாட்காட்டியைச் சந்தேகியுங்கள். ஆண்டுத் தொடக்கத்தை அடுத்துச் சந்தேகியுங்கள்.

வேறு சகாப்தமானால் ஆண்டு எங்கே திரும்புகிறது என்பதுதான் வழுக்கும் இடம். உலகம் படைக்கப்பட்டதாகக் கொண்ட நாளிலிருந்து எண்ணும் பைசாந்திய உலகாண்டு செப்டம்பர் 1இல் தொடங்கும். ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை 5508 கழிக்க வேண்டும், செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 5509. இஸ்லாமிய ஹிஜ்ரி ஆண்டு சுமார் 354.37 நாள் என்பதால் நேராகக் கழிக்கவே முடியாது, 0.97ஆல் பெருக்கி 622 கூட்டுவது உத்தேசத்துக்கு மட்டும். பிறையைக் கண்ணால் பார்த்து மாதம் தொடங்கிய இடங்களில் ஒரு நாள் முன்பின் எப்போதும் இருக்கும். சக ஆண்டில் நடப்பு ஆண்டா, கழிந்த ஆண்டா என்று கேட்காவிட்டால் ஓராண்டு போய்விடும்.

மாற்றிய தேதியை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை எறிந்துவிடாதீர்கள். மூலத்தில் இருந்தபடி ஒரு நெடுவரிசை, எந்த நாட்காட்டி என்று ஒரு நெடுவரிசை, நாள் எண் ஒரு நெடுவரிசை. மாற்றியவர் தவறியிருந்தால் அடுத்தவர் திருத்த வழி வேண்டும்.

பதில்: வளையம்எண்ணி

முக்கியமா என்ற கேள்விக்கு வருகிறேன். எல்லாம் சேர்ந்து நகர்ந்தால் நஷ்டமில்லை என்பது சரி. கி.பி. என்ற எண்ணே அப்படிப்பட்டதுதான். 525இல் டயோனிசியஸ் எக்சிகுவஸ் என்ற துறவி போட்ட கணக்கு இயேசுவின் பிறப்போடு சில ஆண்டு ஒத்துவரவில்லை என்று இன்று ஏறக்குறைய எல்லோரும் ஏற்கிறார்கள். அதனால் எந்தப் போரின் வரிசையும் மாறவில்லை, ஏனென்றால் அது பெயர்ச்சீட்டு மட்டும்.

ஆனால் நடைமுறையில் எல்லாம் சேர்ந்து நகர்வதில்லை. ஒரு கடிகாரம் மட்டும் நகரும். 536 குளிரையே எடுங்கள். கிரீன்லாந்தில் துளையிட்டு எடுத்த பனித்தூணில் எரிமலைக் கந்தகப் படிவு இருந்தது, ஆனால் பனியடுக்குகளை எண்ணிய கணக்கில் அது சுமார் 7 ஆண்டு முந்தியதாக வந்தது. மரமோ 536 என்றது. எரிமலை வெடித்து 7 ஆண்டு கழித்தா குளிரும்? அதனால் எரிமலைக்கும் அந்தக் குளிருக்கும் உள்ள தொடர்பே பல ஆண்டுகள் சந்தேகத்தில் கிடந்தது. 774 துகள்வீச்சு பனியில் பெரிலியம்-10 என்ற தடத்தை விட்டிருந்தது. அதை மரத்தின் 774 எகிறலோடு பொருத்தியபோது பனியடுக்கு எண்ணிக்கையில்தான் பிழை என்று தெரிந்தது. 2015இல் திருத்திய கணக்கு வந்தது. படிவு 536ஐ ஒட்டி வந்து உட்கார்ந்தது. பெரும் வெடிப்பு நிகழ்ந்தால் எத்தனை மாதத்தில் எவ்வளவு குளிரும் என்று கணிப்பவர்களுக்கு அந்த 7 ஆண்டுதான் எல்லாமே.

பதில்: களிமண்பலகை

இதற்கு மறுபக்கமும் உண்டு. பழைய தேதி சரியாக இருந்ததால் பூமியைப் பற்றி ஒன்று தெரிந்தது. கி.மு. 136 ஏப்ரல் 15 அன்று பாபிலோனில் முழு சூரிய கிரகணம் பார்த்து, தெரிந்த கோள்களையும் குறித்து வைத்தார்கள். பூமி இன்றைய வேகத்திலேயே எப்போதும் சுழன்றதாகக் கொண்டு கணக்கிட்டால், நிழல் ஏறக்குறைய 49 பாகை மேற்கே விழுந்திருக்க வேண்டும். அது 3 மணி நேரத்துக்கு மேற்பட்ட வித்தியாசம். பூமியின் சுழற்சி மெல்ல மெல்லக் குறைந்துவருகிறது. பகலும் இரவும் சேர்ந்த ஒரு நாள் நூற்றாண்டுக்குச் சுமார் 1.8 மில்லிவினாடி நீள்கிறது. அந்த அளவை இவ்வளவு துல்லியமாகத் தந்தது இப்படிப்பட்ட பலகைகள்தான். தேதி ஓராண்டு தவறியிருந்தால் அந்தக் கிரகணமே அங்கே இருந்திருக்காது.

பதில்: நாள்கணக்கன்

தரவு சேர்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. சுவீடன் 1700 முதல் 40 ஆண்டில் லீப் நாள்களை ஒவ்வொன்றாக விட்டு மெதுவாக மாறத் திட்டமிட்டது. 1700இல் விட்டது, 1704இலும் 1708இலும் விட மறந்தது. அதனால் ஜூலியனோடும் சேராமல் கிரிகோரியனோடும் சேராமல் 12 ஆண்டு தனியாக நின்றது. பழையபடி ஜூலியனுக்கே திரும்ப 1712இல் ஒரு நாளைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். அந்த ஆண்டு சுவீடன் ஆவணத்தில் "பிப்ரவரி 30" என்று பார்த்தால் எழுத்துப்பிழை என்று திருத்திவிடாதீர்கள். ஜூலியன் கணக்கில் அது பிப்ரவரி 29, கிரிகோரியனில் மார்ச் 11.